முகடு நகருது ஸார்!

ஓட்டு வீட்டில் இருந்தவர்களுக்கு இது சுலபமாகப் புரியும். கூரை முகட்டுக்கு இந்தப் பக்கம் விழுகிற மழை வாசலுக்கு, அந்தப் பக்கம் விழுவது கொல்லைக்கு. மலைக்கும் அதே கதைதான். எந்த மழை எந்த ஆற்றுக்கு என்று தீர்மானிக்கிற அந்தக் கோட்டுக்குப் பெயர் நீர்ப்பிரி முகடு. பல நாடுகள் இதையே எல்லையாக வைத்துக்கொண்டு, 'மலையாவது, நகர்வதாவது!' என்று நிம்மதியாக இருந்தன.

நகருதே!

ஸ்விட்ஸர்லாந்து - இத்தாலி எல்லையில், மேட்டர்ஹார்ன் சிகரத்துக்குப் பக்கத்தில், 3,480 மீட்டர் உயரத்தில் ஒரு மலை விடுதி. 1984-ல் கட்டியபோது முழுசாக இத்தாலி. அருகிலிருந்த தியோடுல் பனியாறு உருக உருக, அதன் மேல் ஓடிய முகடு மெள்ள இத்தாலிப் பக்கம் நகர்ந்தது. கடைசியில் பார்த்தால், விடுதியில் மூன்றில் இரண்டு பங்கு ஸ்விஸ் பக்கம்! தலை ஒரு தேசம், கால் ஒரு தேசம் என்று தூங்கலாம். பில்லுக்கு வரி யாருக்கு? 2018-ல் பேச்சு வார்த்தை ஆரம்பித்து 2021-ல் ஒருவழியாக சமரசமானார்கள். திருத்திய எல்லைக்கு 2024-ல் ஸ்விஸ் அரசு சம்மதித்தது.

பனி முகட்டை ஜி.பி.எஸ். வைத்து அளந்துவிடலாம். பாறை முகடு? அது நகர லட்சக்கணக்கான வருஷம் ஆகுமே, யார் உட்கார்ந்து பார்ப்பது?

ஒரு பிடி ஆற்று மணல் போதும். விண்வெளியிலிருந்து வரும் காஸ்மிக் கதிர்கள் பாறையில் மோதி, அதிலுள்ள குவார்ட்ஸில் பெரிலியம்-10 என்ற அணுக்களை உண்டாக்குகின்றன. மலை மெதுவாகத் தேய்ந்தால் பாறை ரொம்ப நாள் கதிரில் காயும், பெரிலியம் நிறையச் சேரும். வேகமாகத் தேய்ந்தால் கொஞ்சம்தான். முகட்டின் இரண்டு பக்கத்து ஆறுகளிலும் மணலை அள்ளி எண்ணிப் பார்த்தால் குட்டு வெளிப்பட்டுவிடும். வேகமாகத் தேய்கிற ஆறு எதிராளியின் நிலத்தை வளைத்துப் போடுகிறது, முகடு எதிராளி பக்கம் நகர்கிறது. 2014-ல் ஷான் வில்லட் குழுவினர் 'ஸயன்ஸ்' இதழில் இன்னும் ஒரு படி மேலே போனார்கள். ஆறுகளின் வரைபடத்தை வைத்துக் கணக்குப் போட்டே எந்த ஆறு ஜெயிக்கிறது, எது தோற்கிறது என்று சொல்ல வழி காட்டினார்கள்.

'அதெல்லாம் சரி, நம்ம பக்கம் எப்படி?' என்கிறீர்களா?

மேற்குத் தொடர்ச்சி மலையைப் பாருங்கள். மேற்கே செங்குத்து, பேய் மழை. கிழக்கே சாதுவான சரிவு. நம் காவிரி பிறப்பது இந்தச் சாதுப் பக்கத்தில். அடித்துப் பிடித்துத் தேய்வது செங்குத்துப் பக்கம். ஆக, முகடு காவிரியின் மடியில்தான் கை வைக்கப் பார்க்கிறது.

கவலை வேண்டாம். 1990-ல் அமைத்த காவிரி நடுவர் மன்றம் 2007-ல் இறுதித் தீர்ப்பு சொன்னது. முகட்டு வழக்கை இன்றைக்கே போட்டுவைத்தால், மலை நகர்வதற்குள் எப்படியும் தீர்ப்பு வந்துவிடும்!