பிள்ளை ஸ்லோவா, ஸ்டெடியா?

சாதாரண தரப் பிள்ளைகளின் ஆங்கிலக் கட்டுரைகளைத் திருத்தும்போது நாங்கள் அடிக்கடி காணும் வசனம் ஒன்று: "மை இங்கிலிஷ் இஸ் இம்ப்ரூவிங் ஸ்லோலி ஸ்லோலி." தமிழில் 'மெல்ல மெல்ல' என்று நினைத்ததை அப்படியே இறக்கி வைத்துவிடுகிறார்கள். சிவப்புக் கோடு போடுவது லேசு. ஏன் பிழை என்று விளங்கப்படுத்துவதுதான் வேலை.

தமிழில் லொறியும் மெதுவாகப் போகும், காய்ச்சலும் மெதுவாகக் குறையும். ஆங்கிலத்தில் இரண்டும் வேறு. நம்ம டவுன் நெரிசலில் தம்புள்ளைக்குப் போகும் மரக்கறி லொறி ஊர்வது 'ஸ்லோலி'. அது வேகத்தைச் சொல்வது. காய்ச்சல் இறங்குவது 'கிரஜுவலி'. அது படிப்படியான மாற்றம். லத்தீனில் படி என்று பொருள்படும் 'கிராடுஸ்' என்ற சொல்லிலிருந்து வந்தது. அதனால் லொறி 'கிரஜுவலி' போனது என்று எழுத முடியாது. விட்டுவிட்டு இல்லாமல் ஒரே சீராக நடப்பது 'ஸ்டெடிலி'.

டியூஷன் நோட்டில் இதைப் பட்டியலாகப் பாடமாக்கி ஒரு பயனும் இல்லை. பக்கத்தில் கலாவெவ இருக்கிறது, 5ஆம் நூற்றாண்டில் தாதுசேன மன்னன் கட்டியது. அங்கிருந்து அநுராதபுரம் போகும் யோத எல சுமார் 87 கிலோமீற்றர். முதல் 17 மைலுக்கு, மைலுக்கு வெறும் 6 அங்குலச் சரிவு. வாய்க்கால் இறங்குவது கிரஜுவலி, தண்ணீர் ஓடுவது ஸ்லோலி, நிற்காமல் போய்ச் சேர்வது ஸ்டெடிலி. சுற்றுலா போகிற வழியில் சொல்லிக்கொடுக்கலாம், பஸ்ஸில் பாட்டை ஐந்து நிமிடம் நிறுத்தினால்.

எங்கள் கவலை மார்க் மட்டுமில்லை. தேர்ச்சி அறிக்கை கொடுக்கும் நாளில், "பிள்ளை கொஞ்சம் ஸ்லோ" என்று ஒரு வார்த்தை விழுகிறது. வாப்பாவும் உம்மாவும் அதை 'மந்தம்' என்று விளங்கிக்கொண்டு வீட்டுக்குப் போகிறார்கள். அந்த வார்த்தை பிள்ளையின் காதிலும் விழுகிறது. முதலாம் தவணையில் 28, இரண்டாம் தவணையில் 33, மூன்றாம் தவணையில் 39 எடுத்த பிள்ளை என்று வைத்துக்கொள்வோம். அந்தப் பிள்ளைக்கு உரிய சொல் 'ஸ்டெடிலி'. அதை 'ஸ்லோ' என்று எழுதுவது கருத்துப் பிழை, அநியாயமும்கூட.

அடுத்த தவணை அப்படி யாராவது சொன்னால், பெற்றோரே, தயங்காமல் கேளுங்கள்: எதில் ஸ்லோ? வாசிப்பதிலா, எழுதுவதிலா? போன தவணை எங்கே நின்றது, இப்போது எங்கே நிற்கிறது?