கற்றதை மறைக்கலாமா?



முதல் டிராயிங் வகுப்பு முடிஞ்சு, வீட்டில் அப்பாவிடம் டிராஃப்டரைக் காட்டினேன். அப்பா சுவர் விளம்பரம் எழுதியவர். ஃபிளக்ஸ் வந்த பிறகு பெயிண்ட் அடிக்கப் போகிறார். தடவிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "எங்க வாத்தியார் மூஞ்சி வரையிற நேரமாப் பாத்து என்னை டீ வாங்க அனுப்பிருவாருடா. கடைசிவரைக்கும் எனக்கு மூஞ்சி வரலை."

இந்தக் கதை புதுசு இல்லை!

19-ஆம் நூற்றாண்டு ஐரோப்பியக் கலைக்கூடங்களில் மாணவன் முதலில் அச்சுப்படத்தைப் பார்த்து வரைவான். பிறகு சுண்ணாம்புச் சிலை, கடைசியில் உயிருள்ள மனிதன். எலும்பு, தசை, ஒளி, நிழல் எல்லாம் பாடம். அதனால்தான் அந்த ஓவியங்களில் மனிதர்கள் கனத்தோடு நிற்கிறார்கள். ஆனால் கதவு எல்லோருக்கும் திறக்கவில்லை. பாரிஸ் கலைப்பள்ளியில் பெண்கள் சேர 1897 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

சென்னையில் 1850-ல் டாக்டர் அலெக்சாண்டர் ஹண்டர் ஓவியப் பள்ளி தொடங்கினார். கைத்தொழிலும் கற்பித்த அந்தப் பள்ளி நம்ம பாலிடெக்னிக்குக்கு அண்ணன் முறை!

அதற்கும் முன்பே ஐரோப்பிய பாணியில் பேர் வாங்கியவர் நம்ம மதுரை அழகிரி நாயுடு. திருவிதாங்கூர் அரசவை ஓவியர். பின்னாளில் ராமசாமி நாயக்கரிடம் இளைஞர் ரவிவர்மா எண்ணெய் வண்ணம் கற்கக் கேட்டபோது, மறுத்துவிட்டார். 1868-ல் அரண்மனைக்கு வந்த தியோடர் ஜென்சனும் சொல்லித்தரவில்லை. வரைவதைப் பார்க்க மட்டும் விட்டார். பார்த்தே கற்ற ரவிவர்மா 1873-ல் சென்னைக் கண்காட்சியில் கவர்னரின் தங்கப் பதக்கம் வென்றார். 1894-ல் அச்சகமும் தொடங்கினார். நம் வீட்டுக் காலண்டர் லட்சுமியின் தோளிலும் கையிலும் அந்தக் கலைக்கூட அளவுதான் இருக்கிறது.

'அந்தப் பயிற்சி நம்ம பாணியைக் கெடுத்துடுச்சு' என்பார்கள். கோச்சடை அய்யனார் கோயிலில் குதிரைமேல் இருக்கும் உருவங்கள் எந்தக் கலைக்கூட அளவுக்கும் அடங்காது; ஆனாலும் பார்த்தால் நெஞ்சு நடுங்கும். ஆக, அது ஒன்றே அளவு இல்லை, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் குற்றம் பயிற்சியில் இல்லை. அதைப் பூட்டி வைத்ததில்தான். எல்லோரும் ரவிவர்மா ஆக முடியுமா? பார்த்தே கற்க முடியாமல் போன எத்தனை பேர் என் அப்பா மாதிரி!

தோழா! நாமும் பரீட்சை சமயத்தில் நோட்ஸை ஒளிக்கிறோமே, நியாயமா? என் வீட்டில் கல்லூரிப் படி ஏறிய முதல் ஆள் நான். எனக்கு ஷீட் போடத் தெரியாமல் முழித்த அன்று, பக்கத்தில் உட்கார்ந்து கோடு போடச் சொல்லிக்கொடுத்த சீனியர் அண்ணன் இல்லையென்றால் நின்றிருப்பேன்.

அந்தக் கடனை ஜூனியரிடம் தீர்ப்போம். யாரையும் டீ வாங்க அனுப்பாதிருப்போம்!

— இரண்டாம் ஆண்டு மெக்கானிக்கல் மாணவன், கோச்சடை