எல்லாக் கிளைக்கும் ஒரே பாஸ்வேர்டா?

கல்லாப்பெட்டிச் சாவி யாரிடம் இருக்கிறது என்று கேட்டால் எந்த முதலாளியும் ஒரு பெயரைத்தான் சொல்வார். கடையின் வைபை பாஸ்வேர்ட் எத்தனை பேருக்குத் தெரியும் என்று கேட்டால் சிரிப்பார்.

பல கிளைகள் கொண்ட ஒரு வர்த்தக நிறுவனத்தின் கம்பியில்லா வலையமைப்பை நான் பராமரித்து வருகிறேன். காரியாலயம், களஞ்சியசாலை, கிளைகள் அனைத்துக்கும் ஒரே பாஸ்வேர்ட்தான் இருந்தது. வேலையை விட்டு விலகி ஏழு மாதமான ஒரு காசாளரின் கைத்தொலைபேசி தினமும் எமது வலையமைப்பில் இணைவதை ஒருநாள் கண்டேன். பாவம், அவர் எந்தக் குற்றமும் செய்யவில்லை. பக்கத்துக் கடையில் வேலைக்குச் சேர்ந்திருந்தார், போன் தானாகவே இணைந்தது. ஆனால் எமது பில் கணினிகளும் கார்ட் மெஷின்களும் அதே வலையமைப்பில்தான் இருந்தன. பாஸ்வேர்டை மாற்றுவதென்றால் எல்லாக் கிளைகளிலும் ஒவ்வொரு கருவியிலும் மாற்ற வேண்டும். "பெருநாள் வியாபாரம் முடியட்டும்" என்றார் முதலாளி. பெருநாள் முடிந்தது, பாஸ்வேர்ட் மாறவில்லை.

இதை அற்ப விடயமாக நினைக்க வேண்டாம். அமெரிக்காவின் டீ.ஜே.எக்ஸ் என்ற பெரிய சில்லறை வர்த்தக நிறுவனத்துக்குள் 2005இல் திருடர்கள் நுழைந்தது கடைகளின் வைபை வழியாகத்தான். அங்கு போட்டிருந்த 'வெப்' என்ற பூட்டை உடைக்கும் வழி 2001இலேயே வெளியாகியிருந்தது. குறைந்தது 45.7 மில்லியன் வங்கி அட்டைகளின் விபரங்கள் களவு போனதாக 2007இல் அந்நிறுவனமே அறிவித்தது.

இருபது பேருக்கு மேல் வேலை செய்யும் இடத்தில் ஒவ்வொருவருக்கும் தனிப் பெயரும் தனிப் பாஸ்வேர்டும் இருக்க வேண்டும் என்பதே எனது கருத்து. 802.1எக்ஸ் என்பது அந்த முறையின் பெயர். ஒருவர் விலகினால் அவர் பெயரை மட்டும் மூடினால் போதும். கார்ட் மெஷினுக்கும் வாடிக்கையாளருக்கும் தனித்தனி வலையமைப்பு தேவை. செலவு என்பார்கள். இதற்கான 'ஃப்ரீரேடியஸ்' மென்பொருள் இலவசம், சாதாரண கணினியிலும் ஓடும்.

இன்னொரு தவறு, வேகம் குறைந்தால் மேலும் இரண்டு வைபை பெட்டிகளை வாங்கி மாட்டுவது. 2.4 கிகாஹேர்ட்ஸில் ஒன்றோடொன்று மோதாத சனல்கள் 1, 6, 11 என மூன்றே உள்ளன. பெட்டிகள் கூடினால் புறக்கோட்டை நடைபாதை போலத்தான், எல்லோரும் கூவுவார்கள், ஒன்றும் விளங்காது.

எமது நிறுவனத்தில் இப்போது இரண்டு கிளைகளில் இந்த மாற்றம் முடிந்துவிட்டது. மூன்றாவது கிளையில், பாஸ்வேர்ட் எழுதி கல்லாவுக்கு மேலே ஒட்டிய கடதாசி இன்னும் அப்படியே இருக்கிறது.