போட்டி போதும், ஒரு பீரியட் கொடுங்கள்

எட்டாம் வகுப்பில் ஒரு பேச்சுப் போட்டி. தலைப்பு காமராஜர். தமிழ் ஐயா மூன்று பக்கம் எழுதிக் கொடுத்தார். நான்கு நாள் உட்கார்ந்து மனப்பாடம் செய்தேன். மேடையில் "அவையோர்க்கு வணக்கம்" வரை நன்றாகத்தான் போனது. அடுத்து மதிய உணவுத் திட்டம் வர வேண்டும். வரவில்லை. மைக் முன்னால் அரை நிமிடம் நின்றேன். யாரோ பாவம் பார்த்துக் கைதட்டினார்கள், இறங்கி வந்துவிட்டேன். அதற்குப் பிறகு கல்லூரி முதல் வருட செமினார் வரை எந்த மேடையிலும் ஏறவில்லை.

இதில் வேடிக்கை என்னவென்றால், மதிய உணவைப் பற்றி எனக்கு நன்றாகவே தெரியும். என் பாட்டி அந்தச் சோற்றுக்காகத்தான் பள்ளிக்கூடம் போனார். அதனால்தான் ஐந்தாவது வரை படித்தார். அந்தக் கதையை எங்கள் வீட்டில் நூறு தடவை கேட்டிருக்கிறேன். அதையே சொல்லியிருக்கலாம். ஆனால் தெரிந்ததை நாலு பேர் முன்னால் எப்படிச் சொல்வது என்று யாரும் எனக்குச் சொல்லிக் கொடுக்கவில்லை. எழுதிக் கொடுத்ததை ஒப்பிக்கத்தான் சொல்லிக் கொடுத்தார்கள்.

நம் பள்ளிகளில் பேச்சும் நாடகமும் இல்லாமல் இல்லை. ஆண்டு விழா, குழந்தைகள் தினம், சுதந்திர தினம் எல்லாவற்றிலும் உண்டு. ஆனால் மேடை ஏறுவது யார்? ஆறாம் வகுப்பில் ஏறிய அதே மூன்று பேர்தான் பன்னிரண்டாவது வரை ஏறுவார்கள். மீதி நாற்பது பேருக்குக் கைதட்டும் வேலை. கணக்கு வராத பையனிடம் "நீ சும்மா கைதட்டு, அவன் போடட்டும்" என்று எந்த வாத்தியாராவது சொல்வாரா? அவனுக்குத் தனியாக ஸ்பெஷல் கிளாஸ் வைப்பார்கள். பேச வராத பையனுக்கு மட்டும் ஏன் வைப்பதில்லை?

2022-23 முதல் அரசுப் பள்ளிகளில் கலைத் திருவிழா நடத்துகிறார்கள். நல்ல விஷயம், மறுக்கவில்லை. ஆனால் அதுவும் போட்டிதான். போட்டி ஏற்கெனவே இருக்கிற திறமையைக் கண்டுபிடிக்கும். இல்லாத இடத்தில் உண்டாக்க வகுப்பு வேண்டும். நான் கேட்பது இதைத்தான். ஒன்பதாம் வகுப்பிலிருந்து மேடைப்பேச்சு, நாடகம் இரண்டையும் விருப்பப் பாடமாக வைக்க வேண்டும். பிடித்தவர்கள் எடுத்துக்கொள்ளட்டும்.

இது நடக்காத காரியம் என்பவர்கள் கொஞ்சம் கடலைத் தாண்டிப் பாருங்கள். இலங்கையில் "நாடகமும் அரங்கியலும்" என்று ஒரு பாடமே இருக்கிறது. அதைச் சாதாரண தரத்திலும் உயர்தரத்திலும் தமிழிலேயே எடுத்துப் படிக்கலாம். எழுத்துத் தேர்வோடு செய்முறைத் தேர்வும் உண்டு. இங்கே நமக்குப் பத்தாம் வகுப்பு வரை அதே ஐந்து பாடங்கள். பிளஸ் ஒன்னில் 'குரூப்' எடுக்கிறோம், அதில் நாடகம் என்ற பேச்சே கிடையாது. மேடைப்பேச்சால் ஆட்சியைப் பிடித்த கதையைப் பெருமையாகச் சொல்கிற மாநிலம் இது!

1918-இல் சங்கரதாஸ் சுவாமிகள் மதுரையில் சிறுவர்களை வைத்து ஒரு நாடக சபா தொடங்கினார். அந்தக் கால பாய்ஸ் கம்பெனிகளில் இருந்து எத்தனையோ பெரிய நடிகர்கள் வந்தார்கள். ஆனால் அதற்காக அந்தப் பிள்ளைகள் வீட்டையும் பள்ளிக்கூடத்தையும் விட்டுப் போக வேண்டியிருந்தது. அன்றைக்கு நாடகம் கற்கப் பள்ளியை விட வேண்டும். இன்றைக்குப் பள்ளியில் இருப்பதாலேயே அதைக் கற்க முடியவில்லை. இரண்டுமே நியாயமில்லை.

நாடகம் படித்தால் எல்லோரும் நடிகராகிவிடுவார்களா என்று கேட்கலாம். வேதியியல் படித்த எல்லோரும் விஞ்ஞானி ஆகிவிட்டோமா என்ன? :-) கடைசி பெஞ்சுக்குக் கேட்கிற மாதிரி பேச, எதிரில் இருப்பவன் பேசும்போது உண்மையாகவே கேட்க, அவன் வசனத்தை மறந்தால் நாம் எடுத்துக் கொடுக்க, தப்பு நடந்த பிறகும் ஓடாமல் நிற்க... நாடகம் இதையெல்லாம் பழக்கும். அன்றைக்கு எனக்கு இல்லாமல் போனது அந்தக் கடைசி விஷயம்தான்.

இதில் பணமும் இருக்கிறது. வசதி இருப்பவர்கள் பிள்ளையை ஸ்போக்கன் இங்கிலீஷ், 'பர்சனாலிட்டி டெவலப்மெண்ட்' என்று அனுப்புகிறார்கள். இல்லாதவர்கள் என்ன செய்வார்கள்? என் நண்பன் ஒருவன், வகுப்பில் எங்கள் எல்லோரையும் விட நன்றாகப் படிப்பவன். கேம்பஸ் இண்டர்வியூவில் குரூப் டிஸ்கஷன் நடந்தபோது வாயே திறக்காமல் உட்கார்ந்திருந்தான். முதல் சுற்றிலேயே வெளியே. அன்று இரவு ஹாஸ்டலில் எங்களிடம் அதே தலைப்பைப் பற்றி ஒரு மணி நேரம் பேசினான். அத்தனையும் சரியான பாயிண்டுகள். யாருக்கு என்ன பிரயோஜனம்?

ஒரு பயம் எனக்கும் உண்டு. பாடமாக வைத்தால் மறுவருடமே "நாடகம்: ஐந்து மதிப்பெண் வினா விடை" என்று கைடு வந்துவிடும். அதையும் மனப்பாடம் செய்வோம். அதனால் பொதுத்தேர்வு வேண்டாம், 600 மதிப்பெண்ணில் சேர்க்கவும் வேண்டாம். வாரம் இரண்டு பீரியட் போதும். ஆனால் பி.டி. பீரியடைக் கடன் வாங்குவது போல் கணக்கு வாத்தியார் இதையும் கடன் வாங்கக் கூடாது! ஆசிரியர் கிடைக்காத ஊரில் கூத்துக் கலைஞர்கள் இருப்பார்கள், சம்பளம் கொடுத்துக் கூப்பிடலாம். மேடை ஏறவே பிடிக்காதவர்களுக்கு ஒளி, ஒப்பனை, கதை எழுதுவது என்று எத்தனையோ வேலைகள் இருக்கின்றன.

அடுத்த மாதம் எனக்கு மறுபடி செமினார். இந்தத் தடவை மனப்பாடம் செய்யப் போவதில்லை. ஒரு துண்டுச் சீட்டில் நான்கு வார்த்தை எழுதி வைத்துக்கொண்டு பேசப் போகிறேன். நடுவில் நின்றுபோனால் கைதட்டி இறக்கிவிடாதீர்கள் நண்பர்களே. கொஞ்சம் பொறுங்கள், ஞாபகம் வந்துவிடும்.