வெயிலும் குளிரும் ரத்தத்தில் இல்லை

இங்கே அமெரிக்காவில் நம்ம ஆட்கள் கூடும் இடங்களில் இரண்டு வசனங்களை அடிக்கடி கேட்கலாம். ஜனவரியில் பேச்சு வந்தால், "இந்தக் குளிரெல்லாம் நம்ம உடம்புக்கு ஆகாதுங்க". ஜூலையில் வந்தால், "நாமெல்லாம் வெயில்லயே பொறந்து வளர்ந்தவங்க, இதெல்லாம் ஒரு வெயிலா?" பெரும்பாலும் இரண்டையும் ஒரே ஆள்தான் சொல்வார். இரண்டுமே தப்பு. அதில் இரண்டாவது தப்பு உயிருக்கே உலை வைக்கக்கூடியது. இதுதான் இந்தப் பதிவின் சாரம். ஆபீஸில் ஆணி அதிகம் இருப்பவர்கள் இத்தோடு எஸ்கேப் ஆகலாம் :-)

இதை ஏன் இப்போது எழுதுகிறேன் என்றால், நம் பிள்ளைகள் கேம்பிங் போகும் வயதுக்கு வந்துவிட்டார்கள். பனியில் கூடாரம் போட ஸ்கௌட் குழுவோடு போகிறேன் என்று பையன் சொன்னால் வீட்டில் ஒரு குட்டிப் போரே நடக்கிறது. அதே வீட்டில் ஜூலை மாத லீவுக்கு டெத் வேலி, கிராண்ட் கேன்யன் என்று டிக்கெட் போடும்போது யாரும் ஒரு கேள்வி கேட்பதில்லை. எதற்குப் பயப்பட வேண்டுமோ அதற்குப் பயப்படாமல், கற்றுக்கொண்டு செய்யக்கூடியதற்குப் பயந்துகொண்டிருக்கிறோம்.

எனக்கு இந்த விஷயத்தில் பேச ஒரு சின்ன உரிமை உண்டு. நான் கோலார் தங்கவயல்காரன். தாத்தா சாம்பியன் ரீஃபில் சுரங்கத்துக்குள் இறங்கியவர். வேலூர்ப் பக்கத்துச் சமவெளி வெயிலில் பிறந்து, ஏறக்குறைய 850 மீட்டர் உயரத்தில் இருக்கும் தங்கவயலுக்குப் பிழைக்க வந்தவர். அங்கே மார்கழி ராத்திரியில் 15 டிகிரிக்குப் பக்கம் இறங்கும். மினசோட்டாவில் உட்கார்ந்துகொண்டு 15 டிகிரியைக் குளிர் என்று எழுத எனக்கே சிரிப்பாகத்தான் இருக்கிறது. ஆனால் கம்பளிக்கு வழியில்லாத ஆளுக்கு அது குளிர்தான்.

தங்கவயலை சினிமா வழியாக மட்டும் தெரிந்தவர்களுக்காகக் கொஞ்சம் சரித்திரம். 1880ல் ஜான் டெய்லர் அண்ட் சன்ஸ் என்ற பிரிட்டிஷ் கம்பெனி நிர்வாகத்துக்கு வந்தது. வட ஆற்காடு, சேலம், சித்தூர் பக்கத்திலிருந்து ஆயிரக்கணக்கானவர்கள் வந்தார்கள். பெரும்பாலோர் ஆதிதிராவிடர்கள். 1902ல் காவிரியின் சிவசமுத்திரத்திலிருந்து மின்சாரம் வந்தது. சுரங்கம் ஆழமாகிக்கொண்டே போய் 3 கிலோமீட்டரைத் தாண்டியது. 1956ல் அரசுடைமை ஆனது, 1972ல் பாரத் கோல்டு மைன்ஸ் என்று பெயர் மாறியது, 2001 பிப்ரவரி 28ல் மூடினார்கள். இன்றைக்கு அந்த ஆழம் முழுக்கத் தண்ணீர் நிற்கிறது.

அந்த ஆழத்தில் பாறையின் சூடு 65 டிகிரி செல்சியஸைத் தாண்டும். மேலே ஆலையில் காற்றைக் குளிரவைத்துக் கீழே அனுப்பித்தான் அங்கே மனிதன் நிற்கவே முடிந்தது. டெத் வேலியில் 1913 ஜூலை 10ல் பதிவானதுதான் உலக ரெக்கார்டு என்கிறார்கள்: 56.7 டிகிரி. எங்கள் ஊர்ப் பாறை அதை விடச் சூடு! ஆனால் பாறையின் சூடு மட்டும் பிரச்சினை இல்லை. தூசி அடங்கத் தண்ணீர் அடித்துத்தான் துளை போடுவார்கள். அந்த ஈரம் காற்றிலேயே நிற்கும். வியர்வை ஆவியானால்தான் உடம்பு குளிரும். காற்றே ஈரமாக இருந்தால் வியர்வை வழியுமே தவிர ஆவியாகாது. 1940களிலேயே காப்லான் என்பவர் கோலாரில் வேலையின்போது மயங்கி விழுந்தவர்களைப் பற்றி ஆராய்ந்து எழுதினார். ஆழ்சுரங்கத்தில் வெப்பம் ஏற ஏற மனிதன் செய்யக்கூடிய வேலை எப்படிக் குறைகிறது என்பதை லிண்ட்சே என்பவரோடு சேர்ந்து சோதித்தும் பார்த்தார். மயங்கி விழுந்தவர்கள் யார்? நாம் "வெயிலிலேயே பிறந்தவர்கள்" என்கிறோமே, அதே ஆட்கள்தான்.

வெப்பத்தைத் தாங்கும் சக்தி பிறப்பில் வருவதில்லை. பழக்கத்தில் வருகிறது. சூட்டில் தினமும் கொஞ்சம் கொஞ்சமாக நேரத்தைக் கூட்டி வேலை செய்தால், 7 முதல் 14 நாளில் உடம்பு மாறுகிறது. வியர்வை சீக்கிரம் தொடங்குகிறது, அதிகம் வருகிறது, அதில் உப்பு குறைகிறது, இதயம் முன்பு போல அடித்துக்கொள்வதில்லை. தென்னாப்பிரிக்கத் தங்கச் சுரங்கங்களில் இதற்காகவே சூடும் ஈரமுமான அறைகளில் ஆட்களைப் பல நாள் படி ஏறி இறங்க வைத்துப் பழக்கி, பிறகுதான் கீழே அனுப்பினார்கள். அமெரிக்காவில் இன்றைக்குச் சொல்லும் விதியும் ஏறக்குறைய இதுதான்: சூட்டில் வேலை செய்யும் புது ஆளுக்கு முதல் நாள் 20 சதவீத நேரம்தான், பிறகு தினமும் 20 சதவீதம் கூட்டலாம்.

இப்படிச் சம்பாதித்த சக்தி தங்குவதும் இல்லை. சூட்டை விட்டு ஒரு வாரம் விலகினாலே கரைய ஆரம்பிக்கும். ஒரு மாதத்தில் அநேகமாகக் காலி. அப்படியென்றால் பதினைந்து வருடமாக ஏசி ஆபீஸில் பொட்டி தட்டிக்கொண்டிருக்கும் நமக்கு என்ன மிச்சம் இருக்கும்? உங்கள் பாஸ்போர்ட்டில் பிறந்த ஊர் மதுரை என்று இருக்கலாம். உங்கள் வியர்வைச் சுரப்பிக்கு அது தெரியாது.

ஊரிலேயே இருப்பவர்களுக்கும் இது பொருந்தும். 2024 அக்டோபர் 6ல் சென்னை மெரினாவில் விமானப்படை சாகச நிகழ்ச்சி நடந்தது. லட்சக்கணக்கான கூட்டம், உச்சி வெயில், நிழல் இல்லை, தண்ணீருக்குத் திண்டாட்டம். ஐந்து பேர் இறந்துபோனார்கள். அது சித்திரை மாதம்கூட இல்லை, அக்டோபர். வந்தவர்கள் வெயில் தெரியாத வெளிநாட்டுக்காரர்களும் இல்லை.

போன வருடம் எங்கள் நண்பர் ஒருவர், திருச்சிக்காரர், குடும்பத்தோடு ஜூலையில் பாலைவனப் பக்கம் கூடாரம் போடப் போனார். மதியம் 1 மணிக்கு "சும்மா ஒரு ரவுண்டு" நடந்திருக்கிறார். நாற்பது நிமிடத்தில் பேச்சு குழறிவிட்டது. கூட இருந்த மனைவி, இருந்த ஐஸ் தண்ணீரையெல்லாம் தலையிலும் மேலும் கொட்டிக் காரில் ஏசியைப் போட்டு உட்காரவைத்து உதவிக்குப் போன் பண்ணியதால் பிழைத்தார். பேச்சு குழறுவது, சம்பந்தமில்லாமல் எரிச்சல்படுவது எல்லாம் மூளை வரை சூடு ஏறிவிட்டதற்கு அடையாளம். உடம்பின் உள்வெப்பம் 40 டிகிரியைத் தாண்டினால் ஒவ்வொரு நிமிடமும் கணக்கு. முதலில் குளிரவைக்க வேண்டும், மற்றதெல்லாம் பிறகு.

கிராண்ட் கேன்யனில் இன்னொரு சூழ்ச்சியும் இருக்கிறது. மலை ஏறும்போது கஷ்டம் முதலில் வரும், முடியாவிட்டால் திரும்பிவிடலாம். அங்கே தலைகீழ். குளுமையான விளிம்பில் ஆரம்பித்துச் சுலபமாக இறங்குவோம். அடியில் விளிம்பை விட 11 டிகிரி வரை சூடு அதிகம். தண்ணீர் தீர்ந்து, களைத்து, உச்சி வெயிலில் ஏற வேண்டும். சுரங்கத்துக்காரனையாவது மேலே தூக்கிவர கேஜ் இருந்தது. அதனால்தான் கோடையில் காலை 10 மணியிலிருந்து மாலை 4 மணி வரை அங்கே நடக்காதீர்கள் என்று பூங்கா நிர்வாகம் தொண்டை கிழியச் சொல்கிறது.

இனி குளிர் பக்கம். "நம்ம உடம்புக்கு ஆகாது" என்பவர்களுக்கு ஒரே பதில் சியாச்சின். கிட்டத்தட்ட 20,000 அடி உயரத்தில், பூஜ்யத்துக்குக் கீழே பல பத்து டிகிரி குளிரில், கூடாரங்களில் மாதக்கணக்கில் இருக்கிறார்கள் நம் ஜவான்கள். 2016 பிப்ரவரி 3ல் அங்கே பனிச்சரிவில் புதைந்த பத்துப் பேரில் பெரும்பாலோர் மெட்ராஸ் ரெஜிமெண்ட்டைச் சேர்ந்தவர்கள். தமிழ்நாட்டுப் பிள்ளைகளும் அதில் உண்டு. அவர்களைக் கொண்டுபோனது பனிச்சரிவு, "தமிழன் உடம்புக்குக் குளிர் ஆகாது" என்பது அல்ல. அவர்களைப் படிப்படியாகப் பயிற்சி கொடுத்து, உயரத்துக்குப் பழக்கி, சரியான உடுப்போடுதான் மேலே அனுப்புகிறது ராணுவம்.

குளிரைப் பொறுத்தவரை உடம்பு பழகுவது கொஞ்சம்தான். மீதியெல்லாம் அறிவும் சாமானும். அது நமக்கு நல்ல செய்தி. ஏனென்றால் அறிவைக் கற்றுக்கொள்ளலாம், சாமானை வாங்கலாம் அல்லது இரவல் கேட்கலாம்.

எங்கள் மாநிலத்தில் டவர் என்ற ஊரில் 1996 பிப்ரவரி 2ல் மைனஸ் 51 டிகிரி பதிவானது. அதற்குப் பக்கத்து ஊர் ஈலி. அங்கே குளிர்காலத்தில் ஸ்கௌட் பிள்ளைகளுக்கு முகாம் நடத்துகிறார்கள். பனியைக் குவித்து, உள்ளே குடைந்து, அதற்குள்ளேயே தூங்கப் பழக்குகிறார்கள். வெளியே மைனஸ் 30 என்றாலும் நன்றாகக் கட்டிய பனிக்குகைக்குள் பூஜ்யத்தை ஒட்டியே இருக்கும். எங்கள் வீட்டுத் தங்கமணி இரண்டு வாரம் சரியாகத் தூங்கவில்லை. பையன் போய்விட்டு வந்தான். கற்றுக்கொண்டு வந்ததை வரிசையாக ஒப்பித்தான்: பருத்தி போடாதே, நனைந்தால் காயாது. வியர்க்கும் அளவுக்கு ஓடாதே, ஒரு அடுக்கைக் கழற்று. மேலே போர்த்துவதை விடக் கீழே விரிப்பது முக்கியம், தரைதான் சூட்டைத் திருடும். படுக்கும் முன் நெய்யோ வெண்ணெயோ சேர்ந்த எதையாவது சாப்பிடு. கூடாரத்துக்குள் அடுப்பு பற்றவைக்கவே கூடாது, கார்பன் மோனாக்சைடு தூக்கத்திலேயே கொன்றுவிடும்.

கேட்டுக்கொண்டிருந்தபோது எனக்குத் தங்கவயலின் தட்டி வீடுகள்தான் ஞாபகம் வந்தன. ஆரம்பப் பல பத்தாண்டுகள் தொழிலாளர்கள் இருந்தது மூங்கில் தட்டிக் குடிசைகளில். கேம்பிங் என்று நாம் வாரக்கடைசியில் காசு கொடுத்துச் செய்வதை அவர்கள் ஆயுள் முழுக்கச் செய்தார்கள். தட்டியில் வெயிலுக்குக் காற்று நுழையும், அது நல்லது. குளிருக்கு அதே காற்றுதான் எமன், அப்போது இடுக்குகளைச் சாக்கால் அடைக்க வேண்டும், படுக்கைக்குக் கீழே கோணியை மடித்துப் போட வேண்டும். சூட்டுக்கு நிழலும் ஓடும் காற்றும், குளிருக்கு ஈரமில்லாத உடுப்பும் நகராத காற்றும். இந்தச் சூத்திரத்தை என் பையன் பயிற்சியாளரிடம் கற்றான். தாத்தா நைட் ஷிப்டு முடிந்து வியர்வையில் நனைந்த உடம்போடு விடியற்காலைக் காற்றில் லைன் வீட்டுக்கு நடந்தே கற்றார். மேலே வந்ததும் ஈரச் சட்டையை மாற்றாமல் அவர் ஒரு அடி நகரமாட்டார் என்று பாட்டி சொல்வாள்.

இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். "இவங்களுக்கு இது பழக்கம், தாங்குவாங்க" என்பது யாருக்கு வசதியான வாக்கியம்? எங்கள் ஊரைக் குட்டி இங்கிலாந்து என்பார்கள். கிளப், கோல்ஃப் மைதானம், பங்களா எல்லாம் இருந்தது, மேலே இருந்தவர்களுக்கு. கீழே இறங்கியவனின் உடம்பே அப்படிப்பட்டது என்று நம்பிவிட்டால், அவனுக்குக் குளிர்ந்த காற்றும் ஓய்வும் நல்ல வீடும் தரவேண்டிய அவசியம் தள்ளிப்போகும். தாங்கினார்கள் என்பது உண்மை. பாறைத் தூசியில் நுரையீரல் கெட்டு, பாறை வெடிப்பில் ஆளைப் பறிகொடுத்து, ஒவ்வொரு நாளும் விலை கொடுத்துத் தாங்கினார்கள். அந்த விலையை "ரத்தத்திலேயே இருக்கு" என்று பெருமையாக மாற்றிப் பேசுவது எனக்கு உறுத்துகிறது. இன்றைக்குக் கட்டட வேலைக்கு வளைகுடா போகும் நம் பையன்களைப் பற்றியும் இதே வாக்கியத்தைத்தான் சொல்கிறார்கள்.

ஆகவே என்னைக் கேட்டால், பிள்ளைகள் குளிரில் கேம்பிங் கேட்டால் அனுப்புங்கள். ஆனால் சொல்லிக்கொடுக்கத் தெரிந்தவர்களோடு அனுப்புங்கள், முதல் தடவை வீட்டுப் புழக்கடையில் ஒரு ராத்திரி படுக்கவைத்துப் பாருங்கள். பாலைவனத்துக்குக் கட்டாயம் போங்கள், நவம்பரிலிருந்து மார்ச்சுக்குள் போங்கள், ராத்திரி நட்சத்திரம் பார்க்கவும் அதுதான் நல்ல காலம். ஜூலையில்தான் லீவு என்றால் கூடாரத்தை மலைப்பக்கம் போடுங்கள். மே, ஜூனில் ஊருக்குப் போகும்போதும் முதல் பத்து நாள் பிள்ளைகளை உச்சி வெயிலில் கோயில் குளம் என்று இழுக்காதீர்கள். அவர்களோடு உங்களையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

அடுத்த முறை யாராவது "நாமெல்லாம் வெயில்ல பொறந்தவங்க" என்று ஆரம்பித்தால், கடைசியாக எப்போது இரண்டு வாரம் தொடர்ந்து வெயிலில் வேலை செய்தீர்கள் என்று மட்டும் கேளுங்கள்.