அயல்மொழியாகத் தமிழ் கற்பிப்போர்க்கு ஓர் ஆசிரியர் குழுமம்

தமிழை அயல்மொழியாகக் கற்பிக்கும் ஆசிரியர் பெரும்பாலும் தனித்தே இயங்குகிறார். சங்க இலக்கியம் பற்றியோ தொல்காப்பிய உரைகள் பற்றியோ உசாவுவதற்கு அவருடைய துறையில் அறிஞர் பலர் உளர். முந்தைய நாள் வகுப்பில் தாம் தடுமாறிய இடத்தைப் பற்றி உசாவுவதற்கு ஒருவரும் இலர்.

முனைவர் பட்ட ஆய்வுக்கிடையே அயல்நாட்டு மாணவர் சிலர்க்குத் தொடக்கநிலைத் தமிழ் கற்பித்தபோது இக்குறையை நேரில் உணர்ந்தேன். செருமானிய மாணவி ஒருவர் 'நான் பசிக்கிறேன்' என்றே எழுதிவந்தார். நான்காம் வேற்றுமைப் பொருள்களை நன்னூல்வழி விளக்கினேன், பயன் விளையவில்லை. இப்பணியில் நெடுங்காலம் ஈடுபட்டிருந்த மூத்த ஆசிரியை ஒருவர், தேநீர் இடைவேளையில், 'எனக்குக் குளிர்கிறது' என்பதிலிருந்து தொடங்குமாறு கூறினார். செருமானியத்திலும் 'மிர் இஸ்ட் கால்ட்' என்னும் தொடரில் குளிரை உணர்பவர் நம் நான்காம் வேற்றுமைக்கு ஒத்த வடிவிலேயே நிற்கிறார். அடுத்த வகுப்பில் அம்மாணவி பிழையைத் தாமே திருத்திக்கொண்டார். மலாய் பேசுவோர்க்கு 'நாம்', 'நாங்கள்' வேறுபாட்டைக் 'கீத்தா', 'காமி' என்னும் அவர்தம் சொற்களைக் கொண்டே விளக்கலாம் என்பதும் அவ்வாசிரியை கூறியதே. அவர் இன்று ஓய்வு பெற்றுவிட்டார். அவருடைய பயிற்சித்தாள்கள் எங்குள்ளன என்பதைத் துறையில் எவரும் அறியார்.

ஜீன் லேவ், எத்தியென் வெங்கர் ஆகியோர் 1991இல் வெளியிட்ட நூலில், தொழிலறிவு என்பது அத்தொழில் செய்வோரின் குழுமத்தில் பங்கேற்பதன்வழியே கைவருவது என நிறுவ முற்பட்டனர். இந்திய ஆங்கில மொழி ஆசிரியர் சங்கம் 1974இலேயே சென்னையில் தோன்றிவிட்டது. தமிழ்க் கற்பித்தலுக்கு அத்தகைய கூட்டுறவு கூடுதலாகவே தேவை; காரணம், நம் இரட்டை வழக்கு. ஓராசிரியர் 'வருகிறார்கள்' என்று தொடங்குகிறார். மற்றொருவர் 'வர்றாங்க' என்று தொடங்குகிறார். இருவரிடமும் அடுத்தடுத்துப் பயிலும் மாணவரே இடர்ப்படுகிறார். எதை முதலில் கற்பிப்பது என்பதைத் தனியொருவரின் விருப்பத்திற்கு விட்டுவிடுதல் முறையன்று.

கருத்தரங்குகள் இக்குறையைத் தீர்க்கும் என்பர். பத்து நிமிடக் கட்டுரையும் சான்றிதழும் வகுப்பறைத் தோல்வியைப் பேச இடந்தருவதில்லை. குழுமம் பழைய வழக்கங்களையே ஆராயாது கைமாற்றிவிடக்கூடும் என்னும் மறுப்பு இதனினும் வலியது. அதனாலேயே, மாணவர் செய்யும் பிழைகளை அவர்தம் தாய்மொழியொடு குறித்துத் தொகுப்பதிலிருந்து தொடங்கலாம் என்கிறேன். ஒரு தீர்வு பயன்பட்டதா என்பதை வேறோர் ஆசிரியர் தம் வகுப்பில் சோதித்து எழுதவேண்டும். என்னிடம் இதுவரை நாற்பது பிழைகள் உள்ளன. அவற்றுள் பாதிக்கு எனக்கு விடை தெரியாது.