சிப்பிகளுக்குக் கணக்கு இருக்கிறது

2025 நவம்பர் 4 அன்று தமிழகத்தில் வாக்காளர் பட்டியல் சிறப்புத் தீவிரத் திருத்தம் தொடங்கியபோது, தூத்துக்குடியில் வீட்டுக்கு வீடு ஒரே தேடலாக இருந்தது. 2002இல், சில தொகுதிகளில் 2005இல், வெளியான பழைய பட்டியலில் தங்கள் பெயரோ பெற்றோரின் பெயரோ எந்தப் பாகத்தில், எந்த வரிசை எண்ணில் இருக்கிறது என்று ஊரே தேடியது. பழைய பட்டியல்கள் இணையத்தில் படங்களாகத்தான் கிடைத்தன. பெயரைத் தட்டச்சு செய்து தேட முடியாது. பக்கம் பக்கமாக விரலால் தள்ளிப் படிக்க வேண்டும். பர்னாந்து என்று வீட்டில் சொல்லப்படும் பெயர் பட்டியலில் பெர்னாண்டோ, பர்னாண்டோ, பெர்னாண்டஸ் என்று அவரவர் கைவண்ணத்தில் இருந்தது. ஒரே தாய் வயிற்றுப் பிள்ளைகள் மூவர் மூன்று குடும்பப் பெயர்களோடு நின்றார்கள். சிலருக்குத் தந்தையின் பெயரே கணவர் பெயராகியிருந்தது.

எங்களில் சிலர் அக்கம்பக்கத்தாருக்கு உதவி செய்யப் போய் இந்தத் தேடலில் சிக்கிக்கொண்டோம். இருபது ஆண்டுகளுக்கு முந்தைய ஒரு பெயரைக் கண்டுபிடிக்கவே இவ்வளவு பாடென்றால், அதற்கு முன்னால் வாழ்ந்தவர்களின் கதி என்ன என்ற கேள்வி அப்போதுதான் எழுந்தது. குழுவில் ஒருவருடைய தாத்தா முத்துக்குளித்தவர். அவரைப் பற்றி வீட்டில் ஒரு நிழற்படம்கூட இல்லை. அவருடைய பெயர் அரசாங்கத்தின் ஏதாவது ஓர் ஏட்டில் இருக்கிறதா என்று பார்த்துவிடுவோம் என்று விளையாட்டாகத் தொடங்கினோம். அந்தத் தேடலில் நாங்கள் வந்தடைந்த ஒரு கருத்தைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

மன்னார் வளைகுடாவில் தமிழகக் கரையையொட்டிக் கடைசியாக முத்துச் சலாபம் நடந்தது 1955 முதல் 1961 வரை. அதன் பிறகு இல்லை. தாத்தா குளித்தது அந்தக் காலத்தில்தான். அரசே நடத்திய சலாபம் ஆகையால் கணக்கு இருந்தே தீரும் என்று நம்பினோம். கணக்கு இருக்கத்தான் செய்கிறது. எந்தப் பாரில் எத்தனை சிப்பி எடுக்கப்பட்டது, ஆயிரம் சிப்பி என்ன விலைக்கு ஏலம் போனது, எத்தனை நாள் கடல் அனுமதித்தது என்பதெல்லாம் அறிக்கைகளில் உண்டு. பின்னோக்கிப் போனால் இன்னும் வளமை. எட்கர் தர்ஸ்டன் 1889இல் தூத்துக்குடிச் சலாபத்தை நேரில் பார்த்து எழுதிய குறிப்புகளில் சிப்பியின் வயதும் எடையும் உண்டு. சுறாவைக் கட்டுவதாகச் சொல்லப்பட்ட கடல்கட்டிக்குப் படகுக்கு ஒன்றாகச் சிப்பி கொடுக்கப்பட்ட வழக்கமும் உண்டு. எடுத்த சிப்பியில் மூன்றில் இரண்டு பங்கு சர்க்காருக்கு, ஒரு பங்கு குளித்தவர்களுக்கு என்ற பிரிவினை துல்லியமாகப் பதிவாகியிருக்கிறது. அந்த ஒரு பங்கை வாங்கியவர்கள் மட்டும் 'பரவர்', 'அராபியர்', 'கீழக்கரை முஸ்லிம்' என்று இனங்களாக நிற்கிறார்கள். நாங்கள் பார்த்த அறிக்கைகளில் ஆளுக்கொரு பெயர் கிடையாது.

இதில் சதி எதுவும் இல்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஏலம் விடப்படுவது சிப்பி. அதனால் சிப்பி எண்ணப்பட்டது. வரி கட்டாதவனையும் வழக்கில் சிக்காதவனையும் சர்க்கார் ஏன் பெயர் சொல்லிக் கூப்பிட வேண்டும்? ஒல்லாந்தர் யாழ்ப்பாணத்தில் தோம்பு எழுதியது நிலத்துக்கும் ஊழியத்துக்கும் கணக்கு வேண்டியிருந்ததால்தான். அந்தத் தேவையின் புண்ணியத்தில் இன்றைக்கு அங்குள்ள சில குடும்பங்கள் பல தலைமுறைகளைப் பின்தொடர முடிகிறது. கடலுக்குத் தோம்பு எழுத முடியாது போலிருக்கிறது.

பெயருக்குப் பதிலாக எண் கொடுத்த காலமும் இந்தத் துறைமுகத்துக்கு உண்டு. 1876இல் ரயில் தூத்துக்குடியைத் தொட்ட பிறகு, 1914இல் தனுஷ்கோடிப் பாதை திறக்கும்வரை, கொழும்புக்குப் போகிற கூட்டத்தில் பெரும்பகுதி இந்தக் கரையிலிருந்துதான் கப்பல் ஏறியது. தேயிலைத் தோட்டங்களுக்குக் கங்காணிகள் அழைத்துப் போன மக்களின் கழுத்தில், 20ஆம் நூற்றாண்டின் தொடக்க ஆண்டுகளில், தோட்டத்தின் எண் பொறித்த தகரத் துண்டு தொங்கியது. வழியில் ஆள் மாறிப் போகாமலிருக்கவும் செலவை எந்தத் தோட்டத்துக் கணக்கில் எழுதுவது என்று தெரியவும் அந்த ஏற்பாடு. இன்றைக்கு ஹட்டனிலிருந்தோ நுவரெலியாவிலிருந்தோ ஒருவர் வந்து, என் கொள்ளுப்பாட்டி இங்கேதான் கப்பலேறினாள், அவள் பெயர் எங்கே என்று கேட்டால், காட்டுவதற்கு நம்மிடம் என்ன இருக்கிறது?

இந்தக் கரையில் சாதாரண மனிதரின் பெயரைத் தொடர்ந்து எழுதி வந்த இடம் ஒன்றுதான்: கோயில். 1530களில் பரதவர் கூட்டமாக மதம் மாறினார்கள்; 1542இல் சவேரியார் வந்தார்; 1563இல் முடிந்த திரிதெந்தின் சங்கம் பங்குதோறும் ஞானஸ்நானத்தையும் திருமணத்தையும் ஏட்டில் எழுதச் சொன்னது. தமிழில் அச்சு நூல்களை முதன்முதல் கொண்டுவந்த அன்றிக் அடிகளார் 1600இல் இறந்து அடக்கமானதும் தூத்துக்குடியில்தான். ஆகவே எழுத்துக்கு இங்கே பஞ்சமில்லை. ஆனால் 1658இல் ஒல்லாந்தர் ஊரைப் பிடித்தபோது கத்தோலிக்கக் குருக்கள் வெளியேற வேண்டியிருந்தது. 19ஆம் நூற்றாண்டிலோ போர்த்துகீசியரின் பதுரவாதோ நிர்வாகம் ஒரு பக்கம், 1837க்குப் பின் மீண்டும் வந்த இயேசு சபையினரின் மதுரை மிஷன் மறுபக்கம் என்று ஒரே ஊர் இரண்டு அதிகாரங்களுக்குள் பிரிந்து கிடந்தது. தூத்துக்குடி மறைமாவட்டம் தனியாக அமைந்தது 1923இல். எனவே ஒரு குடும்பத்தின் பெயர்கள் ஒரே கோயிலின் ஏட்டில் வரிசையாக இருக்கும் என்று எதிர்பார்க்கக் கூடாது. பாட்டனார் ஒரு கோயிலிலும் தந்தை இன்னொரு கோயிலிலும் இருக்கலாம். அதுவும் லத்தீன் வடிவத்தில். வீட்டில் இஞ்ஞாசி என்று கூப்பிட்டவர் ஏட்டில் இக்னாசியுஸாக இருப்பார். பட்டப்பெயரால் மட்டுமே ஊர் அறிந்த ஒருவரை ஏட்டில் அடையாளம் காண அந்தத் தெருவின் மூத்த பெண்கள் யாராவது உயிரோடு இருக்க வேண்டும்.

எங்கள் நண்பரின் தாத்தா ஒரு கடற்கரைக் கோயிலின் ஏட்டில்தான் அகப்பட்டார். தம் சொந்த ஞானஸ்நானத்திலோ திருமணத்திலோ அல்ல. அந்த ஆண்டுகளின் தாள்களைக் கரையான் தின்றுவிட்டிருந்தது. 1950களில் யாரோ ஒருவருடைய குழந்தைக்கு அவர் ஞானத்தந்தையாக நின்றிருக்கிறார். பெயர், தொழில் என்ற இடத்தில் கடற்தொழில், கையெழுத்துக்குப் பதில் ஒரு கீறல். நண்பர் வெகுநேரம் அந்தக் கீறலையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்தப் பங்குத்தந்தைக்கு நாங்கள் நன்றிக் கடன்பட்டவர்கள். எங்களை ஏட்டின் அருகே விடவேண்டிய கடமை எந்தச் சட்டப்படியும் அவருக்கு இல்லை.

அதே பக்கத்தில்தான் எங்கள் எண்ணத்தை மாற்றிய ஒன்றும் நடந்தது. இரண்டு வரி கீழே இன்னொரு குழந்தை. தாயின் பெயர் இருந்தது. தந்தையின் இடத்தில் ஒரு கோடு. எங்களில் ஒருவர் குழந்தையின் பெயரை வாய்விட்டுப் படித்தார். படித்தவுடனே நிறுத்தினார். அந்தக் குழந்தைக்கு இப்போது எழுபது வயதுக்கு மேல் இருக்கும். ஊர் பெரிதல்ல. யாரென்று நாங்கள் தேடவில்லை, தேடப்போவதுமில்லை. ஆனால் அதுவரை 'எல்லா ஏடுகளையும் படம் பிடித்து இணையத்தில் போட்டுவிட வேண்டும்' என்று உரக்கப் பேசிக்கொண்டிருந்த நாங்கள் திரும்பும் வழியில் அதிகம் பேசவில்லை.

பொதுப்பதிவு என்று நாம் எளிதாகச் சொல்லிவிடுகிறோம். எது பொது? 1969ஆம் ஆண்டின் பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டம் இதற்கு ஒரு விடை வைத்திருக்கிறது. அதன் 17ஆம் பிரிவின்படி, உரிய கட்டணம் செலுத்தி யாரும் பதிவேட்டில் ஒரு பிறப்பையோ இறப்பையோ தேடச் செய்து நகல் பெறலாம். ஆனால் இறப்பின் காரணத்தை மட்டும் நகலில் வெளியிடக் கூடாது. யாரோ ஓர் அனுபவசாலி எழுதிய வரியாக இருக்க வேண்டும் அது. ஒரு குடும்பம் எதை மறைக்க விரும்பும், எதைத் தேடி அலையும் என்று இரண்டையும் அறிந்தவர் எழுதியது. கோயில் ஏடுகளுக்கு இப்படி ஒரு வரி இல்லை. அங்கே ஒன்று முழுக் கதவும் திறக்கிறது, அல்லது முழுக் கதவும் அடைக்கிறது. பங்குத்தந்தையின் மனத்தைப் பொறுத்தது.

சட்டம் இருந்தால் மட்டும் போதாது என்பதையும் கண்டோம். நாங்கள் போன ஓர் அலுவலகத்தில் (பெயர் வேண்டாம்) பழைய இறப்புப் பதிவேடுகள் ஓர் உடைந்த நாற்காலியின் கீழே கட்டிவைக்கப்பட்டிருந்தன. கட்டை அவிழ்த்தால் தாள் பொடியும் என்று எழுத்தர் அஞ்சினார். அவர் அஞ்சியது சரிதான். 1993ஆம் ஆண்டின் பொது ஆவணச் சட்டம் மத்திய அரசின் ஆவணங்களைப் பற்றியது. நகராட்சியின் பழைய பதிவேட்டைக் காப்பாற்ற அது வராது. எழும்பூரில் 1909 முதல் நிற்கிற ஆவணக் காப்பகத்தில் தூத்துக்குடியைப் பற்றிய ஒல்லாந்து ஏடுகளுக்கும் ஆங்கிலேயர் கடிதங்களுக்கும் இடம் உண்டு. ஒரு மீனவப் பெண்ணின் இறப்பைப் பதிந்த தாளுக்கு அந்த வாய்ப்பு அரிது.

அப்படியும் அந்தக் காப்பகத்தில் எளிய மனிதர்கள் பெயரோடு தோன்றும் தருணங்கள் உண்டு. 1908 பிப்ரவரி, மார்ச் மாதங்கள் அப்படிப்பட்டவை. கோரல் ஆலைத் தொழிலாளர் வேலைநிறுத்தம், வ.உ.சி.யின் கைது, மார்ச் 13இல் திருநெல்வேலியில் வெடித்த எழுச்சி, துப்பாக்கிச் சூடு, வழக்குகள். ஆ.இரா. வேங்கடாசலபதியின் 'திருநெல்வேலி எழுச்சியும் வ.உ.சி.யும் 1908' நூலைப் படித்தவர்களுக்கு, தலைவர்களின் நிழலில் நின்ற கூட்டம் அரசு ஆவணங்களிலிருந்து எப்படி மனிதர்களாக எழுந்து வருகிறது என்பது தெரியும். ஆனால் யோசித்துப் பார்த்தால் கசப்பாக இருக்கிறது. ஆண்டெல்லாம் ஆலையில் உழைத்தபோது அரசுக்குத் தேவைப்படாத பெயர், கல்லெறிந்தான் என்று குற்றம்சாட்டும்போது தேவைப்பட்டுவிட்டது. 2018 மே மாதத் துப்பாக்கிச் சூட்டில் பலியான 13 பேருடைய பெயர்களும் ஒரு விசாரணை ஆணையத்தின் அறிக்கையில் நிலைபெற்றுவிட்டன. அப்படி நிலைபெற வேண்டும் என்று யாரும் கேட்டிருக்க மாட்டார்கள்.

எங்கள் கருத்து இதுதான். நூறு ஆண்டு கடந்த பிறப்பு, ஞானஸ்நான, திருமண ஏடுகளைத் தேடுகிற எவருக்கும் திறந்துவிட வேண்டும். இறப்பு ஏடுகளுக்கு ஐம்பது ஆண்டு போதும். திறப்பதற்கு முன்னால், இன்றே, எல்லாவற்றையும் படம் பிடித்துவிட வேண்டும். நூறு ஆண்டுக்குள் உள்ளவற்றை ரத்த உறவினர் மட்டும் தம் வரியை மட்டும் பார்க்கலாம். இந்தக் கணக்கின்படி எங்கள் நண்பர் தாத்தாவின் கீறலைப் பார்த்திருக்கவே முடியாதே என்று கேட்பீர்கள். ஞானத்தந்தையின் வரி அவருடைய பேரனுக்கு உரியது என்று வாதாடலாம்; ஆனால் அந்தக் கோட்டைப் பார்க்கும் உரிமை எங்களில் எவருக்கும் இல்லை. ஏடு முழுவதும் மடியில் விரிக்கப்படாமல், தேடித் தரும் ஒருவர் ஒரு வரியை மட்டும் எடுத்துக்கொடுத்திருந்தால் இரண்டும் சரியாகியிருக்கும். இதற்கு ஒரு சம்பளக்காரர் போதும்.

எதிர்ப்பக்கத்திலிருந்து வரும் ஆபத்தையும் காணாமல் விட முடியாது. 2023ஆம் ஆண்டின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் வழியாகத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் எட்டாம் பிரிவு திருத்தப்பட்டு, 2025 நவம்பரில் அது நடைமுறைக்கு வந்துவிட்டது. தனிநபர் தகவல் என்று சொல்லிக் கதவை அடைப்பது இனி அலுவலர்களுக்கு எளிது. இருபது ஆண்டுக்கு முந்தைய நிகழ்வுகளுக்கு அந்த விலக்கு பொருந்தாது என்ற பழைய உட்பிரிவு, எட்டின் மூன்று, இன்னும் இருக்கிறது. மனுப் போடுகிற நண்பர்கள் அதைக் குறிப்பிட்டே போடவும். எழுபது வயது முதியவரின் மானத்தைக் காக்கும் ஒரு திரையை, ஒப்பந்தக்காரரின் பெயரையும் அதிகாரியின் சொத்தையும் மறைக்கப் பயன்படுத்தும்போது நமக்கு இரண்டும் ஒன்றல்ல என்று சொல்லத் தெரிய வேண்டும்.

இலக்கியத்துக்கும் இதற்கும் என்ன தொடர்பு என்று சிலர் கேட்கலாம். ஜோ டி குருஸின் 'ஆழி சூழ் உலகு' 2004இலும் 'கொற்கை' 2009இலும் வந்தபோது, இந்தக் கரை தன் பெயர்களைத் தானே சொல்லக் கேட்டோம். ஏடு விட்ட இடத்தை நாவல் நிரப்பியது என்று அப்போது கூட்டங்களில் பெருமையாகப் பேசினோம். இப்போது கொஞ்சம் தயங்குகிறோம். நாவலாசிரியர் தம் வேலையைச் செய்துவிட்டார். ஊர் தன் வேலையை அவர் தலையில் கட்டிவிட்டு இருந்துவிட்டதோ என்று தோன்றுகிறது.

தேடலில் நாங்கள் தொடவே தொடாத பக்கங்கள் ஏராளம். உப்பளங்களில் வேலை செய்த குடும்பங்களுக்குக் கோயில் ஏடும் இல்லை; முத்துக் கணக்கும் இல்லை. அளத்துக்காரர்களின் கூலிப் புத்தகங்கள் சில வீடுகளின் பரணில் இருப்பதாகச் சொல்கிறார்கள். பழைய தாள் வாங்குகிறவர் மாதத்துக்கு இரண்டு முறை அந்தத் தெருக்களுக்கு வருகிறார். அடுத்த ஞாயிறு எங்களில் இருவர் போகிறோம். படமெடுக்கத் தெரிந்தவர்கள் கூட வரலாம்.